ரெண்டாவது ஆளுன்னா அவ்வளவு இளக்காரமா?

போன வாரம் அக்கா மகன் சென்னையிலேர்ந்து வந்திருந்தான். சம்பா கதிர் வெளிய வர்ற நேரம். வாய்க்கால்ல தண்ணி எவ்வளவு வருதுன்னு பார்க்க ரெண்டு பேரும் காலையில நடந்து போனோம். கடைத்தெருச் சுவத்துல பேராசிரியர் அன்பழகன் பிறந்தநாள் போஸ்டர் ஒட்டியிருந்தது. டிசம்பர் 19. அதைப் பார்த்துட்டு பய கேட்டான்: "மாமா, இவரு என்னதான் செஞ்சாரு? நாப்பது வருஷம் கலைஞர் பக்கத்து நாற்காலியில உக்காந்திருந்தாரு. அவ்வளவுதானே?"

ராத்திரி பூரா பஸ்ல வந்த பிள்ளை, அங்கேயே சண்டை போட மனசு வரல. அதான் இங்க போடுறேன். அவனுக்கு மட்டும் இல்ல, அவனை மாதிரி பேசுற எல்லா நகரத்து நண்பர்களுக்கும் சேர்த்துத்தான்.

முதல்ல ஆளைத் தெரிஞ்சுக்கங்க. திருவாரூருக்குப் பக்கத்துல காட்டூர்ல 1922-ல் பிறந்தவர். பெற்றவங்க வச்ச பேரு ராமையா. தனித்தமிழ் ஆர்வத்துல அன்பழகன் ஆனார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல தமிழ் எம்.ஏ. படிச்சுட்டு, 1944-லிருந்து 1957 வரைக்கும் சென்னை பச்சையப்பன் கல்லூரியில தமிழ் நடத்தினார். 1957-ல் தி.மு.க. முதல் தடவையா தேர்தல்ல நின்னு 15 இடம் ஜெயிச்சப்போ, எழும்பூர்ல ஜெயிச்சு சட்டமன்றத்துக்குப் போனவர். பிறகு மேலவை. 1967-ல் திருச்செங்கோட்டிலிருந்து நாடாளுமன்றம். 1971-ல் சுகாதார அமைச்சர். 1977-லிருந்து 2020-ல் 97 வயசுல சாகும்வரை கட்சியின் பொதுச்செயலாளர்.

கணக்குப் போட்டுப் பாருங்க. பாடம் நடத்தினது 13 வருஷம். அரசியல்ல இருந்தது அறுபது வருஷத்துக்கு மேல. ஆனா ஊர் அவரைக் கூப்பிட்டது பேராசிரியர்னுதான். அமைச்சர்னோ பொதுச்செயலாளர்னோ யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்ல.

ரெண்டாவது ஆளுன்னு சொல்றீங்களே, கலைஞரை விட இவர் ஒன்றரை வயசு மூத்தவர். இவருக்குப் படிப்பு உண்டு, பட்டம் உண்டு. அவர் பள்ளிப் படிப்பையே முடிக்காதவர். மூத்தவன், படிச்சவன், தன்னைவிட இளையவனைத் தலைவனா ஏத்துக்கிட்டு அத்தனை வருஷம் கூடவே நிக்கணும்னா அது என்ன சாதாரண விஷயமா? எங்க ஊர்ல ஒரு வாய்க்கால் மடை திறக்குற சண்டையில அண்ணன் தம்பியே பேச்சுவார்த்தை இல்லாம இருக்கான். ஏர்ல இடத்து மாடு வலத்து மாடுன்னு ரெண்டு பூட்டுவோம். ரெண்டாவது மாடு சும்மா கூட நடக்குதுன்னு உழவு தெரிஞ்சவன் எவனாவது சொல்வானா? நீங்க சொல்லுவீங்க. உங்களுக்கு போஸ்டர்ல பெரிய படம் யாருதுங்கறதுதான் கணக்கு.

கூட உக்காந்திருந்தது மட்டும்தான் வேலைன்னா, 1983-ல் இலங்கைத் தமிழர் பிரச்சனைக்காக எம்.எல்.ஏ. பதவியைத் தூக்கிப் போட்டது யாரு? 1986 இந்தி எதிர்ப்புப் போராட்டத்துல அரசியல் சட்டத்தின் மொழிப் பகுதியைக் கொளுத்தி, அதுக்காகப் பதவி இழந்த பத்துப் பேர்ல ஒருத்தர் யாரு? அவர் பேச்சுக்கு விசில் பறக்காது, ஒத்துக்கறேன். வகுப்பு எடுக்கற மாதிரி பேசுவார். கேக்கறவனுக்குப் பொறுமை வேணும்.

இன்னொரு வித்தியாசமும் இருக்கு. அன்னைக்கு வாத்தியார் வேலையை விட்டுட்டு அரசியலுக்கு வந்தாங்க. இன்னைக்கு அரசியலுக்கு வந்தவன் காலேஜ் கட்டி வாத்தியாருக்கே சம்பளம் கொடுக்கறான், அதுவும் பாதி.

இதுவரைக்கும் அவருக்காகப் பேசினேன். இனி அவர்கிட்டயும் ஒரு சண்டை இருக்கு. அதைவிடப் பெரிய சண்டை எனக்கு என்கூடவே இருக்கு.

1989-லிருந்து 1991 வரைக்கும், மறுபடி 1996-லிருந்து 2001 வரைக்கும் கல்வி அமைச்சர் அவர்தான். ரெண்டாவது தடவையில ஒரு நல்ல காரியம் நடந்தது. பொறியியல், மருத்துவக் கல்லூரியில கிராமத்துப் பிள்ளைகளுக்குன்னு 15 சதவீதம் இடம் ஒதுக்கினாங்க. அடுத்து வந்த ஆட்சி அதை 25 ஆக்குச்சு. கடைசியில உயர் நீதிமன்றத்துல நிக்கல. அது நின்ன கொஞ்ச காலத்துல உள்ள போன பிள்ளைங்க எங்க பக்கம் இருக்காங்க.

அடுத்தது 1999 நவம்பர். அஞ்சாம் வகுப்பு வரைக்கும் தமிழ் அல்லது தாய்மொழிதான் பயிற்றுமொழின்னு அரசாணை. அதுக்காகத் தமிழறிஞர்கள் உண்ணாவிரதமெல்லாம் இருந்தாங்க. மெட்ரிகுலேஷன் பள்ளிக்காரங்க கோர்ட்டுக்குப் போனாங்க. 2000 ஏப்ரல்ல உயர் நீதிமன்றம் ஆணையை ரத்து பண்ணிடுச்சு. தமிழ் வாத்தியார் ஒருத்தர் கல்வி அமைச்சரா இருந்தும் தமிழ்ல ஒண்ணாங் கிளாஸ் நடத்த வைக்க முடியல.

தோத்தது கோர்ட்டுலன்னு எல்லாரும் சொல்றாங்க. இல்ல. எங்க வீட்டு வாசல்ல தோத்துது.

என் மகனுக்கு அப்போ அஞ்சு வயசு. டவுன்ல ஒரு இங்கிலீஷ் மீடியம் பள்ளியில சேர்த்திருந்தேன். மேடைக்கு முன்னாடி உக்காந்து "தமிழ் வாழ்க"ன்னு கத்தினவன்தான் நானும். ஆனா தீர்ப்பு வந்துச்சுன்னு பேப்பர்ல படிச்சப்போ எனக்கு உள்ளுக்குள்ள நிம்மதியாத்தான் இருந்தது. அதை இன்னைக்கு வரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல. மகன் இப்போ நல்ல வேலையில இருக்கான், குறை சொல்ல மாட்டேன். ஆனா அவன் தாத்தா எழுதி வச்ச சாகுபடி நோட்டை அவனால படிக்க முடியல. இதை அவனுக்கு அனுப்புனாலும் "அப்பா, வாய்ஸ்ல சொல்லுங்க"ம்பான்.

பேராசிரியர்கிட்ட என் சண்டை இதுதான். தனியார் பள்ளிக்கு ஆணை போட்டீங்க. எங்க ஊர் ஒன்றியப் பள்ளியில அஞ்சு வகுப்புக்கு ரெண்டு டீச்சர்தானே இருந்தாங்க? மழை பெஞ்சா பிள்ளைங்களை ஒரே ரூம்ல அடைச்சு வச்சாங்களே? தமிழ்ல படிச்சவனுக்கு வேலை எங்க இருக்குன்னு நான் கேட்டா என்ன பதில்? அந்தப் பள்ளியை விட்டுட்டுப் போக நான் வெக்கப்படுற மாதிரி அதை ஆக்கிட்டு, பிறகு ஆணை போட்டிருக்கணும். விதை நேர்த்தி பண்ணாம நாத்து விட்டா எப்படி முளைக்கும்னு காட்டூர்க்காரருக்குத் தெரியாதா?

2006 கதையும் அப்படித்தான். 83 வயசுல நிதியமைச்சர் ஆனார். பதவியேத்த மேடையிலேயே கூட்டுறவுக் கடன் தள்ளுபடிக்குக் கையெழுத்துப் போட்டார் கலைஞர். ஏறக்குறைய 7,000 கோடி. கையெழுத்து முதலமைச்சரோடது, அதுக்குப் பணம் தேட வேண்டியது நிதியமைச்சர். பாராட்டு யாருக்குப் போச்சுன்னு உங்களுக்கே தெரியும். என் பேர்ல பட்டா இருந்தது, சொசைட்டி கடன் போச்சு. அன்னைக்கு ராத்திரி நிம்மதியாத் தூங்கினேன். என் வரப்பை ஒட்டி குத்தகைக்குச் சாகுபடி பண்ணினவருக்குப் பட்டா இல்ல, அதனால சொசைட்டியில கடனும் இல்ல. வெளிவட்டிக்கு வாங்கினதை எவன் தள்ளுபடி பண்ணுவான்? அவர் ரெண்டு வருஷத்துல திருப்பூருக்குப் போயிட்டார், குடும்பத்தோட.

இப்போ 2022-ல் கல்வித்துறை வளாகத்துக்கு அவர் பேரை வச்சாங்க. பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டம்னு அஞ்சு வருஷத்துக்கு 7,000 கோடின்னு அறிவிச்சாங்க. நல்லதுதான். கட்டடம் வரட்டும். உள்ள உக்கார பிள்ளை வேணுமே? எங்க ஊருக்குள்ள காலையில ஏழரை மணிக்கு மூணு மஞ்ச வேன் வருது. அறுவடை மெஷின் வந்தாகூட அவ்வளவு கூட்டம் நிக்காது. வேன் பணம் கட்டறதுக்குன்னே நெல்லை வந்த விலைக்குத் தள்ளுறவங்க இருக்காங்க. கொள்முதல் நிலையத்துல காத்துக் கிடக்க அவங்களால முடியாது.

அக்கா மகன் கிளம்பும்போது பஸ் ஸ்டாண்டுல கேட்டேன், "மாப்ளே, பாப்பா எந்த மீடியம்?" சிரிச்சுக்கிட்டே, "அங்கெல்லாம் வேற வழியில்ல மாமா"ன்னான். இருக்கலாம். ஆனா வழி இல்லாதவன், வழி தேடிப் பார்த்துத் தோத்த மனுசனைப் பார்த்து என்ன செஞ்சாருன்னு கேக்கக் கூடாது.

என் மக இங்கதான் உள்ளூர்ல இருக்கா. பேத்தியைப் போன ஜூன்ல ஒன்றியப் பள்ளியில சேர்க்கணும்னு நான் ஒத்தக் கால்ல நின்னேன். மக ஒரு வாரம் என்கூடப் பேசல. மாப்பிள்ளை மரியாதைக்காக வாயைத் திறக்கல. அந்தப் பள்ளியில 17 பிள்ளைங்க இருந்தாங்க, இவளோட 18. பொங்கல் கழிச்சு அறுப்பு முடிஞ்சதும் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் இருக்கு, போறேன். ரெண்டு டீச்சர்ல ஒருத்தங்க மாறுதல் கேட்டிருக்காங்கன்னு பேச்சு அடிபடுது.