‘இல்லை’ என்று சொல்வதும் வியாபாரமே!



ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாளின் தேர் வீதியில் வரும்போது வடம் பிடிப்பவர்கள் நூற்றுக்கணக்கானோர். எல்லோருடைய கண்ணும் மேலே பெருமாள் மீது இருக்கும். சக்கரத்தின் ஓரத்தில் முட்டுக்கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, குனிந்தபடியே நடந்து வரும் நாலைந்து பேரை யாரும் கவனிப்பதில்லை. இழுப்பதற்கு ஊரே வரும். நிறுத்துவதற்கு அந்த நாலைந்து பேர்தான். திருவாரூர் ஆழித் தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் செய்து கொடுத்த பிறகும், அங்கே முட்டுக்கட்டைக்காரர்களுக்கு வேலை இருந்துகொண்டுதான் இருக்கிறது.

இந்த முறை நாம் எழுத வந்தது தேரைப் பற்றி அல்ல. எங்கள் வீட்டுப் பழைய காரின் பிரேக்கைப் பற்றி. மளிகைக் கடைக்காரர்களுக்குக் கார் பிரேக் எதற்கு என்று கேட்கலாம். கடைசி வரை படித்துப் பார்த்தால், இது நம் ஒவ்வொருவருடைய கல்லாவையும் தொடும் விஷயம் என்பது விளங்கும்.

எங்கள் தந்தையார் கடையை நடத்திய காலத்தில் பழையதாக வாங்கிய வண்டி ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூரில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி, 1961 முதல் தயாரித்த கார் அது. நம் தமிழ்நாட்டு மண்ணில் செய்த கார் என்பதில் தந்தையாருக்கு ஒரு பெருமை. இங்கிலாந்தின் ட்ரையம்ப் ஹெரால்டுதான் அதற்கு மூலம். அங்கே அந்த வண்டியை 1971-இல் நிறுத்திவிட்டார்கள். இங்கே ஹெரால்டுக்குப் பின் வந்த கெஸல் காரும் 1977-ஓடு நின்றது. பிறகு 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 என்று ஒன்றைக் கொண்டுவந்து பார்த்தார்கள். அதுவும் நீண்ட நாள் தாக்குப்பிடிக்கவில்லை. கம்பெனி போன பிறகு சாமான் எங்கிருந்து வரும்? இருந்த இருப்பு தீர்ந்தது; தீராதது பழைய இரும்புக்குப் போனது.

சென்ற ஆண்டு, பின்சக்கரத்து வீல் சிலிண்டரில் ஆயில் கசிந்தது. உள்ளே கிண்ணம் போன்ற ஒரு சின்ன ரப்பர் வாஷர் இருக்கிறது. பிரேக்கை மிதித்தால் ஆயில் வெளியே வழியாமல் தடுப்பது அதுதான். மெக்கானிக் பையனைப் பக்கத்து ஊரில் ஒரு கடைக்கு அனுப்பினோம். கடைக்காரர் வேறு வண்டியின் வாஷர் ஒன்றை எடுத்துக் கொடுத்து, “இது பொருந்தும், போட்டுக்கொள்” என்று சொல்லி அனுப்பினார். போட்டோம். பொருந்தியதுபோலத்தான் இருந்தது.

நாலு வாரம் கழித்து, மகள் கல்யாணப் பத்திரிகை வைத்துவிட்டு விருத்தாசலத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். வழியில் ஒரு பள்ளிக்கூட வாசல். மணி அடித்துப் பிள்ளைகள் ரோட்டுக்கு வந்துகொண்டிருந்தார்கள். பிரேக்கை மிதித்தால் பெடல் தரையோடு போய் ஒட்டிக்கொண்டது. இந்தக் காலத்துக் கார்களில் பிரேக் ஆயில் இரண்டு தனித்தனி வழியாகப் போகிறது. ஒன்று கசிந்தாலும் மற்றொன்று பிடிக்கும். அந்தக் காலத்து வண்டியில் நாலு சக்கரத்துக்கும் ஒரே வழி. ஒரு சக்கரத்தில் கசிந்தால் நாலும் போயிற்று. கைப்பிரேக் மட்டும் கம்பியில் இழுப்பது. அதற்கு ஆயில் தேவையில்லை. அதைப் பிடித்து இழுத்ததில் வண்டி புழுதி மேட்டில் ஏறி நின்றது. ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை. வண்டியை விட்டு இறங்கியபோது கால் நடுங்கியதை இன்றும் மறக்கவில்லை.

கழற்றிப் பார்த்ததில் காரணம் தெரிந்தது. பழைய ஆங்கிலேய வண்டிகளில் எல்லாம் அங்குலக் கணக்கு. முக்கால் அங்குலம் என்பது 19.05 மில்லிமீட்டர். அதற்கு அடுத்த அளவு 20.64 மில்லிமீட்டர். இரண்டு வாஷரையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. பெரிய துளையில் சின்ன வாஷரைப் போட்டால் சில நாள் பிடிக்கும். பிறகு சமயம் பார்த்துக் கைவிடும். குழாய் மரையும் அப்படியே. அங்குல மரையுள்ள குழாய் முனையை மில்லிமீட்டர் மரையுள்ள துளையில் திருகினால், உள்ளே போகத்தான் செய்யும். கையால் இறுக்கும்போது சரியாக இருக்கும். காலால் மிதிக்கும்போது மரை பிய்த்துக்கொள்ளும்.

பிறகு சாமான் தேடிப் புறப்பட்டோம். விருத்தாசலம், சிதம்பரம், கடலூர் என்று அலைந்துவிட்டுச் சென்னைப் புதுப்பேட்டைக்குப் போனோம். பழைய வண்டிச் சாமானுக்குப் பேர் போன அந்தச் சந்துகளில் மூன்று கடைகளில் “இதோ இருக்கிறது” என்றார்கள். அளந்து பார்த்தால் மூன்றும் வேறு. நாலாவது கடையில் ஒரு வயதான பாய் உட்கார்ந்திருந்தார். நாங்கள் கொண்டுபோன சிலிண்டரை வாங்கித் துடைத்தார். வெர்னியர் வைத்து இரண்டு முறை அளந்தார். பிறகு சொன்னார்: “ஐயா, இதுக்குப் பொருந்துற சாமான் நம்மகிட்ட இல்லை. பொருந்துற மாதிரி இருக்கிற சாமான் இருக்கு. அதைத் தர மாட்டேன்.”

எங்களிடம் ஒரு காசு வாங்கவில்லை. சிலிண்டருக்கு உள்குழல் போட்டுத் தரும் லேத் பட்டறை எங்கே இருக்கிறது, லைனிங் ஒட்டுபவர் எங்கே இருக்கிறார் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டுதான் எங்கள் வண்டியை மறுபடியும் ரோட்டுக்குக் கொண்டுவந்தது.

இப்படி வண்டி வைத்திருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால், அங்கே கற்றுக்கொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறோம். தேய்ந்த சிலிண்டரைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. துளையைக் கடைந்து பெரிதாக்கி, பித்தளை அல்லது துருப்பிடிக்காத எஃகில் உள்குழல் இறக்கி, மறுபடியும் பழைய அளவுக்கே கொண்டுவந்து மெருகேற்றுகிறார்கள். அளவு மாறாததால் சரியான அளவு ரப்பரே அதில் உட்காரும். விருத்தாசலத்துப் பீங்கான் உடைந்தால் ஒட்டாது. இரும்பு தேய்ந்தால் திருத்த வழி உண்டு. பிரேக் ஷூவுக்குப் புது லைனிங் வெட்டி ரிவிட் அடித்தோ ஒட்டியோ தருகிறார்கள். டிரம்மைக் கடைசல் பிடித்தால் ஓர் அச்சின் இரண்டு பக்கமும் சமமாகப் பிடிக்க வேண்டும்; இல்லாவிட்டால் பிரேக் போட்டதும் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். டிரம்முக்கும் ஓர் எல்லை உண்டு; அதைத் தாண்டிக் கடைந்தால் விரிசல் விடும். பழைய லைனிங் தூளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். அதை வாயால் ஊதவும் கூடாது, காற்றடித்துப் பறக்கவிடவும் கூடாது, நுரையீரலுக்குக் கேடு. ஈரத் துணியால்தான் துடைக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் மளிகைக்காரர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். பெட்டி பிரிக்காத பழைய சாமான் கிடைத்தால் பழைய கார்க்காரர்களுக்குத் தலைகால் புரியாது. ஆனால் அந்தப் பெட்டிக்குள் இருப்பது இரும்பா ரப்பரா என்று பார்க்க வேண்டும். நன்றாக எண்ணெய் தடவி வைத்த இரும்பு நாற்பது வருடம் இருக்கும். ரப்பர் இருக்காது, பெட்டிக்குள்ளேயே இறுகிப்போகும். நம் கடையில் உப்புக்கும் ரவைக்கும் உள்ள வித்தியாசம்தான் அது. பிரேக் ஆயிலும் அப்படி. மூடியைத் திறந்து வைத்தால் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அவசரத்துக்கு என்ஜின் ஆயிலை ஊற்றினாலோ ரப்பர் ஊதிக் கெட்டே போகும்.

நம் மாநிலத்தில் கைவேலைக்குப் பஞ்சமில்லை. பிரேக்ஸ் இந்தியா கம்பெனி 1962-இலும் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் கம்பெனி 1974-இலும் சென்னைப் பாடியில் தொடங்கின. இந்தியாவின் பிரேக் தொழிலில் தமிழ்நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. பெரிய ஆலைகள் பத்துப் பேருக்காக ஒரு சாமான் செய்ய மாட்டா, அது நியாயமே. அந்த இடத்தை நிரப்புவது சின்ன லேத் பட்டறைக்காரரும், உண்மை பேசும் கடைக்காரரும்தான்.

இனி நாம் சொல்ல வந்த கருத்து.

வந்த வாடிக்கையாளரை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்பது நம் பெரியவர்கள் சொல்லிக்கொடுத்த பாடம். நல்ல பாடம்தான். ஆனால் அதையே சாக்காக வைத்துக் கேட்டதற்குப் பதில் வேறொன்றைத் தலையில் கட்டுகிற பழக்கம் நம்மிடையே வளர்ந்துவிட்டது. ‘அதுவும் இதுவும் ஒன்றுதான்’ என்ற சொல்லை ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்கிறோம் என்று ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்க வேண்டும். கேட்டது கிடைக்காமல் போனவர் நாளைக்கு மறுபடியும் வருவார். ஏமாந்து போனவர் வர மாட்டார். தெருவில் நாலு பேரையும் வரவிடமாட்டார். பிரேக் சாமானிலோ அதற்கும் மேல்: ஏமாந்தவர் உயிரோடு இருந்தால்தானே நம்மைக் குறை சொல்ல வருவார்? நாங்கள் இன்றைக்குப் பேர் சொல்லிப் புகழ்வது புதுப்பேட்டையில் ‘இல்லை’ என்று சொன்ன கடையைத்தான். எங்களைக் கேட்டு அங்கே போனவர்கள் இதுவரை ஆறு பேர். ஒரு ‘இல்லை’ சம்பாதித்துக் கொடுத்த வியாபாரம் அது.

“ஓடாத சரக்கை வைத்துக்கொண்டு முதலை முடக்குவதா?” என்று உதிரிபாகக் கடை வைத்திருக்கும் அன்பர்கள் கேட்கிறார்கள். முடக்க வேண்டாம். ஆனால் எடைக்குப் போடும் முன் ஒரு பட்டியல் எடுங்கள் என்றுதான் கேட்கிறோம். எடைக்குப் போட்டால் கிலோக் கணக்கில் காசு. தேவையுள்ளவர் கையில் கிடைத்தால் அதே சாமானுக்கு மதிப்பே வேறு. உங்களுக்குக் குப்பை, இன்னொருவருக்கு முட்டுக்கட்டை. நம் வட்டார வணிகர் சங்கங்கள் ஒரு பொது நோட்டுப் போட்டு, எந்தக் கடையில் என்ன பழைய சாமான் இருக்கிறது, எந்தப் பட்டறையில் என்ன வேலை நன்றாகச் செய்வார்கள் என்று எழுதி வைத்தால், தேடுகிறவருக்கும் விற்கிறவருக்கும் நன்மை. இதற்குப் பணச் செலவு ஒன்றுமில்லை.

பழைய வண்டி வைத்திருக்கும் வணிகர்களுக்கும் ஒரு வார்த்தை. ஐம்பது ஆண்டுகளைக் கடந்த சொந்த உபயோக வாகனங்களைப் பழம்பெரும் வாகனமாகப் பதிவு செய்ய 2021 ஜூலையில் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. அந்த விதிப்படி புதிய பதிவுக் கட்டணம் ரூ.20,000, பதிவு பத்தாண்டுகளுக்குச் செல்லும், அதன் பிறகு புதுப்பிக்க ரூ.5,000. எண்பலகையில் ‘வி.ஏ.’ என்ற ஆங்கில எழுத்துகள் இருக்கும். அப்படிப் பதிவான வண்டியைத் தினசரி ஓட்டவோ வியாபாரத்துக்குப் பயன்படுத்தவோ கூடாது. ஆகவே அதில் அரிசி மூட்டை ஏற்றலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

அது கார் வைத்திருப்பவர்களுக்கு. பண்ருட்டிக்கும் விருத்தாசலத்துக்கும் சரக்கெடுக்கப் போகும் பழைய வேன்கள் நம்மில் பலரிடம் இருக்கின்றன. என்ஜின் கெட்டால் அன்றே பட்டறைக்குப் போகிறோம். ஏனென்றால் வண்டி நகராது, வியாபாரம் நின்றுவிடும். பிரேக் தேய்ந்தால் அடுத்த மாதம் பார்க்கலாம் என்கிறோம். ஏனென்றால் வண்டி நகர்ந்துகொண்டுதானே இருக்கிறது. பத்து மூட்டைக்குச் செய்த பிரேக்கில் இருபது மூட்டையை ஏற்றுகிறோம். இது லாபம் அல்ல; கடன். வசூலிக்க வரும் நாள் நமக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

சாமான் கிடைக்கவில்லை, திருத்தவும் வழியில்லை என்றால், எவ்வளவு ஆசையான வண்டியானாலும் கொட்டகையிலேயே நிற்கட்டும். எங்கள் ஹெரால்டு அப்படித்தான் ஆறு வாரம் நின்றது. மகள் கல்யாணத்துக்குத் தந்தையாரின் வண்டியில் அழைத்துப் போக வேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் ஆசை. வேலை முடியாததால் வாடகைக் காரில்தான் போனோம். அதில் எங்களுக்கு வருத்தம் இல்லை. இன்றைக்கும் அந்தப் பள்ளிக்கூட வாசலைக் கடக்கும்போது, வண்டி நன்றாகப் பிடிக்கும் என்று தெரிந்தும், ஒருமுறை பிரேக்கை மிதித்துப் பார்த்துவிட்டுத்தான் போகிறோம்.

இந்த இதழைப் படித்து முடித்ததும் இரண்டு காரியங்களை அன்பர்கள் செய்ய வேண்டுகிறோம். முதலாவது, உங்கள் வண்டியின் பிரேக்கை இந்த வாரமே காட்டுங்கள். இரண்டாவது, நாளைக் காலை கடை திறந்ததும், இல்லாத பொருளைக் கேட்டு வரும் முதல் வாடிக்கையாளரிடம் ‘இல்லை’ என்று சொல்லி, கிடைக்கும் இடத்தையும் சொல்லி அனுப்புங்கள்.