1770க்கு முன்பா, பின்பா?

இந்தியாவும் அமெரிக்காவும் 2024 ஜூலை 26 அன்று டெல்லியில் கையெழுத்திட்ட பண்பாட்டுச் சொத்து ஒப்பந்தத்தைப் பற்றி இவ்விதழ் ஒரு நிலை எடுத்தாக வேண்டும். வரவேற்கிறோம். சிலைகளுக்கு அதனால் விளையும் நன்மையைப் பற்றி மற்றவர்கள் எழுதிவிட்டார்கள். நம் மேசைக்கு வருபவை விளிம்புத் துண்டு, மூடிக் குமிழ், ஓட்டை விழுந்த அடிப்பாகம்.

தொல்லியல் பொருளுக்கு ஒப்பந்தம் வைத்திருக்கும் எல்லை கி.பி. 1770. 1947 வரை நீளும் இனவியல் பிரிவு கட்டடப் பகுதிகள், வழிபாட்டுப் பொருள்கள், கையெழுத்துப் படிகள் என்று போகிறது. சோறு வடித்த வெண்கலப் பானைக்கு அதில் இடம் கிடைப்பது கடினம். நம் 1972ஆம் ஆண்டுச் சட்டமோ நூறாண்டு கடந்தாலே தொல்பொருள் என்கிறது. ஆக, 1800 வாக்கில் செய்த பித்தளை அண்டாவை இங்கிருந்து தனியார் ஏற்றுமதி செய்வது குற்றம். அங்கே போய் இறங்கிவிட்டால் இந்த ஒப்பந்தத்தைக் காட்டித் தடுப்பது பெரும்பாடு.

சரி, ஆண்டைச் சொல்லப்போவது யார், எதை வைத்து? துத்தநாகம் 30 விழுக்காட்டைத் தாண்டினால் அது வடித்தெடுத்த துத்தநாகம், சாவர் உலைகளுக்குப் பிந்தியது என்போம். தட்சசீலக் குவளையின் 34 விழுக்காடு அந்த விதியையும் அசைத்துப் பார்க்கிறது. உயர்வெள்ளீய வெண்கலம் இன்னும் சங்கடம். 23 விழுக்காடு வெள்ளீயம், செஞ்சூட்டில் அடித்து நீரில் தோய்த்தது, நுண்ணோக்கியில் ஊசி ஊசியாக மார்ட்டென்சைட். ஆதிச்சநல்லூரிலும் நீலகிரி ஈமச்சின்னங்களிலும் கிடைத்த இந்த வகைக் கிண்ணங்களை நாம் அறிவோம். கேரளத்துப் பட்டறைகளில் இருபதாம் நூற்றாண்டிலும் இதே கலவை, இதே தோய்ப்பு இருந்ததைச் சாரதா ஸ்ரீனிவாசன் ஆவணப்படுத்தியிருக்கிறார். கலவையிலிருந்து பட்டறை மரபு தெரியும், நூற்றாண்டு தெரியாது. கையடக்க எக்ஸ்ஆர்எஃப் கருவியைக் களிம்பின் மேல் வைத்து எடுத்த எண் அதைவிட மோசம்: மண்ணில் கிடந்த வெண்கலத்தின் மேற்பரப்பில் செம்பு கரைந்துபோய் வெள்ளீயம் தேங்கியிருக்கும்.

மிஞ்சுவது உருவம். விளிம்பு எப்படி மடிந்திருக்கிறது, கழுத்து எங்கே ஒடுங்குகிறது என்று பார்த்துக் காலம் சொல்ல, காலம் தெரிந்த ஒப்பீட்டு வரிசை வேண்டும். பானை ஓட்டுக்கு அது உண்டு. அரிக்கமேட்டில் வீலர் 1945இல் தோண்டி, மறு ஆண்டே வகை எண்களோடு வெளியிட்டதால்தான் இன்று விளிம்பைப் பார்த்து வாதாடுகிறோம். உலோகப் பாத்திரத்துக்கோ 1915இல் அலெக்சாண்டர் ரீ வெளியிட்ட பட்டியலைத்தான் இன்னும் புரட்டிக்கொண்டிருக்கிறோம்.

இதை இந்தப் பக்கத்தில் எத்தனை முறை எழுதியாயிற்று! அகழாய்வு அறிக்கையில் காசுக்கு வண்ணப்படம். பாத்திரத்துக்கு 'செம்புப் பொருள்கள் – உடைந்தவை' என்று ஒரு வரி. விட்டம் இருக்காது, வெட்டுமுகம் இருக்காது. கட்டாயப் பதிவுக்குரியவற்றில் சிற்பம் உண்டு, ஓவியம் உண்டு. அடுக்களைப் பாத்திரம் கிடையாது. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலையே ஆட்சியருக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. நசுங்கிய சொம்பை அந்தப் பத்து ரூபாய்க்குக்கூட மதிப்பதில்லை. காசுகளை எண்ணி, எடை போட்டு, உறையிலிட்டு முத்திரை வைப்பார்கள். அவை இருந்த சொம்பு பல நேரம் மகஜரில்கூட ஏறாது. அந்தக் காசுகளுள் கடைசியாக அச்சானது எதுவோ, அதற்கு முன் அந்தச் சொம்பு மண்ணுக்குள் போயிருக்க முடியாது. எந்த ஆய்வகமும் தராத சான்று அது. அதைக் குப்பையில் போட்டுவிட்டு, 1770க்கு முன்பா பின்பா என்று நம்மிடம் கேட்பது அதிகாரிகளுக்கு எப்படி முடிகிறதோ தெரியவில்லை.

நம் நிலை இதுதான். தனித் துண்டுக்குச் சான்று கேட்டால் ஆண்டு எழுதாதீர்கள். கால வீச்சையும், எதைக் கொண்டு சொல்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். எக்ஸ்ஆர்எஃப் எண்ணை மட்டும் வைத்துக் கையெழுத்திட மறுத்துவிடுங்கள். காசோடு கிடைத்த பாத்திரமோ துண்டோ உங்கள் பொறுப்பில் ஒன்றே ஒன்று இருந்தாலும், விளிம்பின் வெட்டுமுகத்தை முழு அளவில் வரைந்து, விட்டம், எடை, கூடக் கிடைத்த காசுகளின் விவரத்தோடு நமக்கு அனுப்புங்கள். அடுத்த இதழிலிருந்து அவற்றுக்குத் தனிப் பக்கம் ஒதுக்குகிறோம்.