நகரக் காவல் நிலையத்தின் ஆண்டுப் பணி அறிக்கையை மக்கள் முன் வைக்கக் கோரும் மனு

அனுப்புநர்
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
நகர வணிகர்கள் மற்றும் குடியிருப்போர் நலச் சங்கம்.

பெறுநர்
மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்கள்,
மாவட்டக் காவல் அலுவலகம்.

நகல்: மாவட்ட ஆட்சியர், துணைக் காவல் கண்காணிப்பாளர், நகராட்சி ஆணையர்.

பொருள்: எங்கள் நகரக் காவல் நிலையத்தின் பணி அறிக்கையை ஆண்டுதோறும் வெளியிடவும், அதற்கேற்பக் காவலர் பணியிடங்களை நிரப்பவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

எங்கள் ஊருக்கு இருப்பது ஒரே காவல் நிலையம். பொங்கல் கூட்டம், பங்குனித் தேரோட்டம், ஆடியில் அம்மன் கோயில் தீமிதி, விநாயகர் சிலை ஊர்வலம், தீபாவளிக் கடைவீதி நெரிசல், மழைக்காலத்தில் தண்ணீர் புரளும் தரைப்பாலம் என ஆண்டு முழுவதும் பந்தோபஸ்துக்கு நிற்பவர்கள் அதே காவலர்கள்தான். வாரச் சந்தையும் இரவு ரோந்தும் அவர்கள் பொறுப்பே. வெளியூரில் மாநாடோ தலைவர்கள் வருகையோ இருந்தால் இங்கிருந்தே ஆள் போகிறது.

இவற்றுக்கு நடுவில்தான் புலன் விசாரணையும் நடக்க வேண்டும். காணாமல் போனவரைத் தேடுவது, விபத்து நடந்த இடத்தில் வரைபடம் போடுவது, பிரேதப் பரிசோதனைக்காக அரசு மருத்துவமனையில் காத்திருப்பது, அழைப்பாணை சார்பு செய்வது, சாட்சிகளை நீதிமன்றத்தில் நிறுத்துவது, பாஸ்போர்ட் விசாரணை, குடும்பத் தகராறு மனுக்கள் என நாள் கரைகிறது. இவற்றில் பெரும்பகுதி எந்தக் குற்றப் புள்ளிவிவரத்திலும் இடம்பெறுவதில்லை.

மாநிலக் காவல் துறையின் பணிகளைக் கொள்கை விளக்கக் குறிப்பாக அரசு ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் வைக்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் மாநில, மாவட்ட வாரியாகக் கணக்கு வெளியிடுகிறது. மக்கள் நேரில் ஏறி இறங்கும் நிலையத்தின் கணக்கு மட்டும் அவர்கள் பார்வைக்கு வருவதில்லை. உயர் அலுவலர்களின் ஆண்டாய்வும் துறைக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. அதனால் காவலரின் உழைப்பும் மக்களுக்குத் தெரிவதில்லை; மனுதாரரின் காத்திருப்பும் கணக்கில் ஏறுவதில்லை. இவ்விரண்டையும் ஒரே அறிக்கையில் பார்க்க வேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோளின் சாரம்.

ஒன்றை வலியுறுத்திச் சொல்கிறோம். வழக்கு எண்ணிக்கை கூடினால் நிலையத்தைக் குறை சொல்லும் வழக்கம் இருக்கும்வரை, புகாரைப் பதியாமல் திருப்பி அனுப்பும் வழக்கமும் இருக்கும். பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் குறித்த தகவல் வந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவது கட்டாயம் என உச்ச நீதிமன்றம் 2013-இல் லலிதா குமாரி வழக்கில் தீர்ப்பளித்தது. பதிவு கூடுவது மக்கள் நிலையத்தை நம்பி வருவதன் அடையாளமாகவும் இருக்கலாம். எனவே எண்ணிக்கையை மட்டும் வைத்து நிலையத்தை மதிப்பிட வேண்டாம். புகாருக்கு என்ன முடிவு கிடைத்தது, எத்தனை நாளில் கிடைத்தது என்பதையே அளவுகோலாகக் கொள்ள வேண்டுகிறோம்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்னும் குற்றவியல் நடைமுறைச் சட்டம் காவலரின் பொறுப்புகளைக் கூட்டியிருக்கிறது. சோதனையையும் கைப்பற்றுதலையும் ஒலி, ஒளிப் பதிவு செய்ய வேண்டும். விசாரணையின் நிலையைப் புகார்தாரருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ 90 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். இவை மக்களுக்கு நன்மை தருபவை. ஆனால் ஆளும் கருவியும் கூடாமல் பொறுப்பு மட்டும் கூடினால், நல்ல சட்டமும் காகிதத்தோடு நின்றுவிடும்.

ஆகவே கீழ்க்கண்ட கோரிக்கைகளைத் தங்கள் முன் வைக்கிறோம்:

1. ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி மாதத்துக்குள் முந்தைய ஆண்டின் பணி அறிக்கையைத் தமிழில் வெளியிட்டு, நிலைய அறிவிப்புப் பலகையிலும் நகராட்சி அலுவலகத்திலும் வைக்க வேண்டும்.

2. பெறப்பட்ட மனுக்கள், அவற்றைப் பெற்றுக்கொண்டதற்கு வழங்கிய சி.எஸ்.ஆர். ரசீதுகள், பதிந்த வழக்குகள், தாக்கலான குற்றப்பத்திரிகைகள், நிலுவை வழக்குகள், மீட்ட சொத்துகள், காணாமல் போய்க் கண்டுபிடிக்கப்பட்டோர், பந்தோபஸ்து நாட்கள் ஆகியவை அதில் இடம்பெற வேண்டும். பெண்கள், குழந்தைகள் உள்ளிட்ட பாதிக்கப்பட்டோரை அடையாளம் காட்டும் எந்த விவரமும் இருக்கக் கூடாது.

3. அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள், நிரப்பப்பட்டவை, அயல்பணியில் சென்றவர்கள் ஆகிய மூன்றையும் தனித்தனியே காட்டி, காலியிடங்களை நிரப்ப வேண்டும்.

4. காவலர்களுக்கு வார விடுப்பு வழங்க 2021-இல் தமிழ்நாடு அரசு பிறப்பித்த ஆணை எந்த அளவுக்கு நடைமுறையில் உள்ளது என்பதையும் அறிக்கையில் சேர்க்க வேண்டும். தூக்கமில்லாத காவலரிடம் பொறுமையை எதிர்பார்ப்பது நியாயமன்று.

5. புலன் விசாரணையைச் சட்டம் ஒழுங்குப் பணியிலிருந்து பிரிக்குமாறு 2006-இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பத்து லட்சமும் அதற்கு மேலும் மக்கள் வாழும் நகரங்களில் தொடங்கி, படிப்படியாகச் சிறு நகரங்களுக்கும் விரிவுபடுத்தச் சொன்ன அந்த ஏற்பாட்டை இங்கும் கொண்டுவர அரசுக்குப் பரிந்துரைக்க வேண்டும். அதுவரை திருவிழா நாட்களிலும் விசாரணை அலுவலர் ஒருவரேனும் பந்தோபஸ்துக்கு அனுப்பப்படாமல் நிலையத்தில் இருக்க வேண்டும்.

6. நிலையத்தின் உள்ளேயும் கடைவீதியிலும் உள்ள கண்காணிப்புக் கேமராக்களில் இயங்குபவை எத்தனை, பழுதானவை எத்தனை என்று தெரிவிக்க வேண்டும். நிலையங்களில் கேமரா பொருத்துவது பற்றி 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவை முழுமையாகச் செயல்படுத்த வேண்டும்.

7. அறிக்கை வெளியான பின், ஆய்வாளர் தலைமையில் பொதுமக்கள் கூட்டம் நடத்தி, மக்கள் கேள்விகளுக்கு விடையளிக்க வேண்டும். வியாபாரிகளோடு பெண்கள், தூய்மைப் பணியாளர்கள், ஆட்டோ ஓட்டுநர்கள், புறநகர்க் குடியிருப்பு மக்கள் ஆகியோரையும் அதற்கு அழைக்க வேண்டும்.

எங்கள் பங்கையும் செய்ய ஆயத்தமாக இருக்கிறோம். திருவிழாக்களில் கூட்டத்தை ஒழுங்குபடுத்தத் தன்னார்வலர்களைத் தருவோம். உறுப்பினர்களின் கடைகளில் உள்ள கேமராப் பதிவுகளை விசாரணைக்குக் கேட்கும்போது தடையின்றி ஒப்படைப்போம். பணி அறிக்கையை அச்சிட்டு ஒவ்வொரு வார்டிலும் சேர்ப்பிக்கும் செலவை ஏற்கிறோம்.

தாங்கள் இம்மனு மீது எடுக்கும் நடவடிக்கையை எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்கவும், எங்கள் பிரதிநிதிகளை நேரில் சந்தித்துப் பேச ஒரு நாள் ஒதுக்கித் தரவும் பணிவுடன் வேண்டுகிறோம்.



இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,

தலைவர்          செயலாளர்          பொருளாளர்

இணைப்பு: உறுப்பினர்களின் கையொப்பப் பட்டியல்.