முடித்த நூலும் முகவரும்: எங்கள் நிலைப்பாடு

செங்கல்பட்டு, மதுராந்தகம், திருப்போரூர், கல்பாக்கம், மாமல்லபுரம் வட்டாரத்தில் தமிழில் எழுதுகிறவர்கள் கூடிப் பேசும் அமைப்பு எங்களுடையது. எழுதி முடித்த நூலைப் பெரிய பதிப்பகத்தில் சேர்த்துவிடுகிறோம், ஆங்கிலத்திலும் பிறமொழிகளிலும் விற்றுத்தருகிறோம் என்று சொல்லி முன்பணம் கேட்பவர்கள் எங்கள் உறுப்பினர்களைத் தேடி வருகிறார்கள். கொடுக்கலாமா என்று அவர்கள் எங்களைக் கேட்கிறார்கள். கொடுக்கக் கூடாது. வாசிப்புக் கட்டணம், பதிவுக் கட்டணம், அறிமுகக் கட்டணம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் எங்கள் பதில் இதுதான். இலக்கிய முகவருக்கான வருமானம், அவர் விற்றுத்தந்த நூலிலிருந்து எழுத்தாளருக்குக் கிடைக்கும் தொகையின் ஒரு பங்காக மட்டுமே இருக்க வேண்டும்.

இதை வைத்து நாங்கள் முகவர்களுக்கு எதிரானவர்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். தமிழுக்கு முகவர்கள் வேண்டும், அதுவும் உடனே வேண்டும். 2022இல் கீதாஞ்சலி ஸ்ரீயின் இந்தி நாவலுக்கும், 2025இல் பானு முஷ்தாக்கின் கன்னடச் சிறுகதைகளுக்கும் சர்வதேச புக்கர் பரிசு கிடைத்தது. இரண்டு நூல்களுக்கும் பின்னால் கனிஷ்கா குப்தா என்ற இந்திய முகவரின் உழைப்பு இருந்தது. பெருமாள்முருகனின் ‘பூக்குழி’, அனிருத்தன் வாசுதேவனின் ஆங்கில மொழிபெயர்ப்பில் 2023இல் அதே பரிசின் நெடும்பட்டியலுக்குப் போனது. எழுத்தில் தமிழுக்குக் குறைவில்லை. பிரதியைக் கையில் எடுத்துக்கொண்டு கதவு கதவாகத் தட்டுவதற்கு இங்கே ஆள்தான் குறைவு.

அந்த வேலையைத் தமிழில் இதுவரை பெரும்பாலும் எழுத்தாளரே செய்துவந்தார். 1920இல் பாரதி தம் நூல்களை அச்சிடக் கடனுதவி கேட்டு நண்பர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். எத்தனை பகுதிகள், எத்தனை பிரதிகள் என்றெல்லாம் திட்டமிட்ட அந்தக் கனவு நிறைவேறுமுன் மறு ஆண்டே அவர் மறைந்தார். இன்று நம் செங்கல்பட்டு மாவட்டத்துக்குள் வரும் பல்லாவரத்தில் மறைமலையடிகள் சொந்தமாக அச்சகம் வைத்துத் தம் நூல்களை வெளியிட்டார். மாமல்லபுரம் சிற்பக் கல்லூரியின் முதல்வராக இருந்த வை. கணபதி ஸ்தபதியின் ‘சிற்பச் செந்நூல்’ அரசின் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் வழியாக வந்தது. பாரதிக்கு நண்பர்கள், அடிகளுக்கு அச்சகம், ஸ்தபதிக்கு அரசுத் துறை. இவை எதுவும் இல்லாமல் சதுரங்கப்பட்டினத்தில் ஒரு மீனவர் பாட்டையும் காற்றையும் கடல்சொல்லையும் பற்றி ஒரு நூல் எழுதி முடித்தால், அவர் யாரிடம் போவார்? முன்பணம் கேட்கிறவர் வந்து நிற்பது இந்த இடைவெளியில்தான்.

அவர் ஏன் ஆபத்தானவர் என்பதை விளக்க வேண்டும். பங்கு வாங்கும் முகவரால், நூல் விற்றால்தான் சாப்பிட முடியும். வெளிநாடுகளில் பொதுவாக உள்நாட்டு விற்பனைக்கு 15 விழுக்காடும், மொழிபெயர்ப்பு உரிமைக்கு 20 விழுக்காடும் எடுக்கிறார்கள். அதனால் விற்காது என்று தோன்றும் பிரதியை அவர் ஏற்கவே மாட்டார். ஏற்றதைத் திருத்தி, சரியான பதிப்பக ஆசிரியரிடம் கொண்டுபோவார். கட்டணம் வாங்குகிறவருக்கோ பிரதியை ஏற்ற அன்றே வருமானம் வந்துவிடுகிறது. நல்ல நூல், மோசமான நூல் என்ற வேறுபாடு அவருக்குத் தேவையில்லை. புகழ்ச்சி மட்டும் தேவை. ‘உங்கள் எழுத்து உலகத்தரம்’ என்று முதல் கடிதத்திலேயே எழுதுகிறவரைக் கண்டு ஒதுங்குங்கள்.

கூலிக்கு வேலை வாங்குவதை நாங்கள் இதோடு சேர்க்கவில்லை. மெய்ப்புப் பார்ப்பவர், டிடிபி செய்பவர், அட்டை வடிவமைப்பவர், சொந்தச் செலவில் நூல் போட்டால் அச்சிட்டுத் தருபவர் ஆகியோருக்கு உரிய பணம் கொடுப்பது நேர்மையான கொடுக்கல் வாங்கல். சொந்தப் பதிப்பில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் எழுத்தாளரிடம் பணம் வாங்கி அச்சிட்டுவிட்டு, ‘எங்கள் ஆசிரியர் குழு தேர்ந்தெடுத்தது’ என்று அறிவிப்பது வாசகரையும் சேர்த்து ஏமாற்றுவது. இருநூறு பிரதியை நீங்களே வாங்கிக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையும் இதே வகைதான்.

மொழிபெயர்ப்பைத் தனியாகச் சொல்ல வேண்டும். டெல்லியிலோ லண்டனிலோ இருக்கும் முகவருக்குப் பெரும்பாலும் தமிழ் தெரியாது. இருபது முப்பது பக்க ஆங்கில மாதிரி இல்லாமல் பேச்சே தொடங்காது. அந்த மாதிரியை ஆக்கித் தருகிறவருக்குக் கூலி கொடுப்பது முறை. சர்வதேச புக்கரின் 50,000 பவுண்டை எழுத்தாளரும் மொழிபெயர்ப்பாளரும் சரிபாதியாகப் பகிர்கிறார்கள் என்பதை நம் உறுப்பினர்கள் நினைவில் வைக்க வேண்டும். மொழிபெயர்ப்பாளரின் பெயரும் பங்கும் எழுத்தில் இருக்கட்டும். ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று எந்த நண்பரையும் வேலை வாங்காதீர்கள்.

சில தமிழ்ப் பதிப்பகங்கள் முகவர் வேலையையும் தாமே செய்கின்றன. காலச்சுவடு போன்றவை பிராங்பர்ட் புத்தகச் சந்தைவரை சென்று உரிமைகளை விற்றிருக்கின்றன. தமிழ் அதற்குக் கடமைப்பட்டிருக்கிறது. ஆயினும் தமிழில் அச்சிடும் உரிமையும், பிறமொழிக்கு விற்கும் உரிமையும், ஒலிநூல், திரைப்பட உரிமைகளும் வெவ்வேறானவை. எல்லாவற்றையும் ஒரே வரியில் எழுதிக்கொடுக்கும் வழக்கத்தை நாங்கள் ஏற்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் தனியாக விகிதம், தனியாகக் காலவரை வேண்டும். சட்டம் எழுத்தாளர் பக்கம் நாம் நினைப்பதைவிட அதிகமாகவே நிற்கிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்துடன் இருந்தால்தான் செல்லும். காலம் குறிக்காவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், நிலப்பரப்பு குறிக்காவிட்டால் இந்தியா மட்டும் என்றும் கொள்ளப்படும். வேறுவிதமாக எழுதிக்கொள்ளாத வரை, ஓராண்டுக்குள் பயன்படுத்தப்படாத உரிமை எழுத்தாளரிடமே திரும்பிவிடும். உங்கள் காலத்துக்குப் பின்னும் 60 ஆண்டுகள் நிற்கும் சொத்து இது. பிள்ளைகள் பெயரும் அதில் இருக்கிறது.

எழுத்தாளர்களிடமும் எங்களுக்குச் சொல்ல உண்டு. பாதி எழுதிய நாவலை அனுப்பாதீர்கள். முடித்து, ஆறப்போட்டு, திருத்தி, பிறகு அனுப்புங்கள். கூடவே ஒரு பக்கக் கடிதம், முடிவையும் மறைக்காத இரண்டு பக்கக் கதைச்சுருக்கம், முதல் மூன்று அத்தியாயங்கள் போதும். பிரமுகர் நால்வரின் அணிந்துரையைப் பிரதிக்கு முன்னால் கட்டி அனுப்பும் பழக்கம் வேண்டாம். பதிப்பாளருக்கு அது நூலைப் பற்றி எதையும் சொல்வதில்லை. நூல் எதைப் பற்றியது, இதே பொருளில் ஏற்கெனவே வந்தவற்றிலிருந்து எங்கே விலகுகிறது, யார் வாசிப்பார்கள் என்பதைச் சொல்லுங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையின் உல்லாச விடுதிகளைப் பற்றிய நாவல் என்றால், அந்த மணலில் முன்பு வலை உலர்த்தியவர்கள் உங்கள் கதையில் எங்கே இருக்கிறார்கள் என்பதே ஒரு நல்ல முதல் வாக்கியம். இன்னொன்று, கார்த்திகை மார்கழியில் அனுப்பாதீர்கள். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி. அதற்கு முந்தைய மாதங்களில் பதிப்பகத்தில் யாருக்கும் நிமிர்ந்து பார்க்க நேரம் இருக்காது. மாசிக்குப் பிறகு அனுப்பினால் படிக்கப்படும் வாய்ப்பு கூடும்.

பதிப்பாளர்களிடம் ஒரே வேண்டுகோள்: பதில் சொல்லுங்கள். ஆறு மாதத்துக்குள் ‘வேண்டாம்’ என்று ஒரு வரி வந்தாலும் எழுத்தாளர் அடுத்த கதவுக்குப் போவார். மௌனம்தான் அவரை முன்பணம் கேட்பவரிடம் தள்ளிவிடுகிறது.

தமிழ்நாடு அரசு 2023 முதல் சென்னை பன்னாட்டுப் புத்தகக் காட்சியை நடத்திவருகிறது. மொழிபெயர்ப்புக்கு மானியம் கொடுக்கிறது. இலக்கிய முகவர்களுக்குப் பயிற்சியும் அளித்திருக்கிறது. மனதார வரவேற்கிறோம். ஆனால் அந்தக் காட்சியில் நடப்பது பதிப்பகத்துக்கும் பதிப்பகத்துக்குமான பேச்சு. அச்சேறாத பிரதியோடு செய்யூரிலிருந்து வருகிறவருக்கு அங்கே நாற்காலி இல்லை. எனவே எங்கள் மாவட்டப் புத்தகத் திருவிழாவில் ஒரு பிற்பகலையாவது கையெழுத்துப் பிரதிகளுக்கு ஒதுக்கக் கோருகிறோம். பயிற்சி பெற்ற முகவர்களும், இரண்டு மூன்று பதிப்பக ஆசிரியர்களும் உட்காரட்டும். முன்பதிவு செய்தவர்கள் ஆளுக்குப் பதினைந்து நிமிடம் தங்கள் நூலைப் பற்றிப் பேசட்டும். இதற்கு எழுத்தாளரிடம் ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது. சிற்பிகளும் இருளர் குடியிருப்புகளின் இளைஞர்களும் அணுமின் நிலைய ஊழியர்களும் எழுதும் மாவட்டம் இது; அவர்களைத் தேடிச் சென்று அழைக்கும் பொறுப்பை நாங்கள் ஏற்கிறோம்.

கட்டணம் வாங்கும் எந்த முகவரையும் எங்கள் கூட்டங்களுக்கு அழைக்க மாட்டோம். அவர்கள் நிகழ்ச்சிகளுக்கு எங்கள் பெயரைத் தர மாட்டோம். முகவரிடமிருந்தோ பதிப்பகத்திலிருந்தோ ஒப்பந்தம் வந்திருக்கும் எந்த எழுத்தாளரும், உறுப்பினராக இல்லாவிட்டாலும், கையெழுத்திடும் முன் அதை எங்களிடம் கொண்டுவரலாம். வரிவரியாகப் படித்து, எந்த உரிமை எவ்வளவு காலத்துக்குப் போகிறது என்று தமிழில் எழுதித் தருவோம். அதற்குக் கட்டணம் கிடையாது.