அசுந்தாவின் மன்னிப்பு

ஜூலை 6-ஆம் நாள் திருச்சபை புனித மரிய கொரெற்றியை நினைவுகூருகிறது. அவருடைய தூய்மையைப் பற்றி மறையுரைகளில் நிறையக் கேட்டிருக்கிறோம். அவரைப் பெற்றெடுத்த அசுந்தாவைப் பற்றிக் கேட்டது குறைவு. இறைவனின் இரக்கம் ஒரு குடும்பத்திற்குள் எவ்வாறு நுழைகிறது என்பதை அறிய நாம் அந்தத் தாயிடமே செல்ல வேண்டும்.

இத்தாலியின் லெ பெரியெரே என்னும் சிற்றூரில், 1900-இல் கணவரை மலேரியாக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்து, ஆறு பிள்ளைகளோடு நின்றவர் அசுந்தா. அவர் வயலுக்குச் செல்ல, சிறுமி மரியா வீட்டைக் கவனித்து வந்தாள். அதே வீட்டில் உடன் குடியிருந்த அலெசாந்திரோ செரெனெல்லி என்னும் 20 வயது இளைஞன், தன் தீய விருப்பத்திற்கு இணங்க மறுத்த அவளை 1902 ஜூலை 5-இல் 14 முறை குத்தினான். மறுநாள் நெத்தூனோ மருத்துவமனையில் அவள் உயிர் நீத்தாள். வயது 11. அவனை மன்னித்துவிட்டே இறந்தாள்.

மன்னித்த மகள் இறைவனிடம் சென்றுவிட்டாள். அந்த மன்னிப்பைச் சுமந்துகொண்டு தாயோ மேலும் 52 ஆண்டுகள் இவ்வுலகில் வாழ வேண்டியிருந்தது. இதுவே நமக்கு அரிதினும் அரிதாகத் தோன்றுகிறது.

கொலைஞனுக்கு 30 ஆண்டுச் சிறை. முதலில் கல்நெஞ்சனாகவே கிடந்தான். மரியா தனக்கு லீலி மலர்களைத் தருவதாகக் கனவு கண்ட பின்னரே மனம் உடைந்தான். 27 ஆண்டுகள் கழித்து, 1929-இல் விடுதலை பெற்றான். இரக்கம் என்பது வழக்கைத் தள்ளுபடி செய்வதன்று என்பதை இங்கே கவனிப்போமாக.

சில ஆண்டுகளுக்குப்பின், கிறிஸ்து பிறப்பு விழாக் காலத்தில் அவர் கொரினால்தோ ஊருக்கு வந்தார். அங்கே பங்குக்குருவின் இல்லத்தில் பணிபுரிந்த அசுந்தாவிடம் மன்னிப்புக் கேட்டார். மரியாவும் மன்னித்து, இறைவனும் மன்னித்திருக்கத் தாம் மட்டும் மறுப்பது எங்ஙனம் என்பதே தாயின் மறுமொழி. அவ்விழாத் திருப்பலியில், ஊரார் காண, இருவரும் அருகருகே நற்கருணை உட்கொண்டனர்.

நம் பங்குகளில் நடப்பதென்ன? வரப்புத் தகராறில் பேச்சை முறித்துக்கொண்ட அண்ணன் முதற்பூசைக்கும் தம்பி இரண்டாம் பூசைக்கும் வருவதை நாம் அறியாதவர்களா? தவக்காலத்தில் இருவரும் பாவசங்கீர்த்தனமும் செய்துவிடுகிறார்கள்! பதினாயிரம் தாலந்துக் கடன் மன்னிக்கப்பட்டவன், நூறு தெனாரியத்திற்காக உடன் பணியாளனின் கழுத்தைப் பிடித்த கதைதான். "மன்னித்துவிட்டேன், ஆனால் அவன் முகத்தில் விழிக்கமாட்டேன்" என்கிறோம். இதை எழுதும் நாமும் அப்படிச் சொன்னவர்களே. அசுந்தா அலெசாந்திரோவின் முகத்தில் விழித்தார்.

1950 ஜூன் 24-இல் திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர் மரியாவைப் புனிதராக உயர்த்தியதை அத்தாய் கண்ணாரக் கண்டார். அலெசாந்திரோ கப்பூச்சின் துறவியரின் மடத்தில் தோட்ட வேலை செய்துவந்தார். தாம் கொன்ற சிறுமியின் வேண்டுதலை நாள்தோறும் நாடி, 1970-இல் அங்கேயே இறந்தார்.