கெட்டியான ரொட்டி கெட்ட ரொட்டி அல்ல

மாணவர்களே, முந்தாநாள் வாங்கிய பெங்காலி ரொட்டி விறைத்துப்போனால் உங்கள் வீட்டில் என்ன செய்கிறார்கள்? திகாம் பத்து ஆனாலும் சுங்கைப் பட்டாணி ஆனாலும், "காய்ந்துவிட்டது" என்று சொல்லிக் கோழிக்குப் போடுவார்கள். இல்லையேல் அது குப்பைக்குப் போகும். அப்படிச் செய்யத் தேவையில்லை என்பதே என் கருத்து. "காய்ந்துவிட்டது" என்று நினைப்பதில்தான் பிழை தொடங்குகிறது.

ஈரம் வெளியேறாதபடி இறுக மூடி வைத்த ரொட்டியும் விறைத்துப்போகும் என்பதைப் பிரெஞ்சு வேதியியலாளர் பூசேங்கோ 1852-ஆம் ஆண்டிலேயே காட்டிவிட்டார். அதைச் சூடாக்கியபோது மீண்டும் மென்மையானது.

காரணம் மாவுச்சத்து. ரொட்டி வேகும்போது மாவுச்சத்து நீரை உறிஞ்சி, கட்டுத் தளர்ந்து மென்மையாகிறது. ஆறிய பிறகு அதன் மூலக்கூறுகள் மெல்ல மெல்ல மீண்டும் வரிசையாகச் சேர்ந்து படிகமாகின்றன. அதனால் ரொட்டி விறைக்கிறது. இரவில் மிஞ்சிய சோறும் இட்லியும் கெட்டியாவது இதனால்தான்.

உறைநிலைக்குச் சற்று மேலான குளிரில் இந்தப் படிகங்கள் வேகமாக உருவாகும். ஆகவே, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டு ரொட்டிக்கு ஏற்ற இடமல்ல. "வெளியே வைத்தால் நம் ஊர் வெப்பத்தில் பூஞ்சணம் பிடிக்குமே" என்பீர்கள். உண்மைதான். இரண்டு நாளில் தின்று முடிப்பதை மட்டும் வெளியே மூடி வையுங்கள். மிச்சத்தைத் துண்டு போட்டு மேலே உறைபெட்டியில் வையுங்கள். −18 பாகை செல்சியசில் படிகம் உருவாவது ஏறக்குறைய நின்றுவிடும்.

விறைத்த ரொட்டியை மென்மையாக்குவதும் எளிது. சுமார் 60 பாகை செல்சியசைத் தாண்டினால் படிகங்கள் உருகிவிடும். இட்லிச் சட்டியில் ஓரிரு நிமிடம் ஆவி காட்டினால் போதும். காப்பிக் கடையில் 'ரொட்டி குக்குஸ்' கேட்டால் இப்படித்தான் ஆவியில் வைத்துத் தருகிறார்கள். ஆறினால் மறுபடியும் விறைக்கும் என்பதால், உண்ணும் அளவுக்கு மட்டும் சூடாக்குங்கள். பூஞ்சணம் பிடித்த ரொட்டி வேறு கதை. அதன் நஞ்சைச் சூடு போக்காது, முழுவதையும் எறிந்துவிடுங்கள்.

என் பேச்சை அப்படியே நம்ப வேண்டாம். இரண்டு ரொட்டித் துண்டுகளைத் தனித்தனிப் பைகளில் இறுகக் கட்டி, ஒன்றை வெளியிலும் மற்றதைக் குளிர்சாதனப் பெட்டியிலும் வையுங்கள். மறுநாள் இரண்டையும் விரலால் அழுத்திப் பாருங்கள்.

நம் நாட்டு ரொட்டிக்கான கோதுமை கப்பலேறிக் கடல்கடந்து வருகிறது. இரண்டு நிமிட ஆவியில் மீளக்கூடிய ரொட்டியைக் குப்பையில் போடலாமா?