தொண்ணூற்றொன்பது நாள் மோகம்

மோகம் முப்பது நாள், ஆசை அறுபது நாள் என்பார்கள். கூட்டினால் தொண்ணூறு. மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்களுக்கு மட்டும் ஒன்பது நாள் கூடுதலாகத் தாங்கியது. 2018 டிசம்பர் 19 அன்று தற்காலிக மேனேஜராக வந்தவர் ஓலே குன்னார் சோல்ஷார். சரியாக 99 நாள் கழித்து, 2019 மார்ச் 28 அன்று, அவர் கையில் மூன்று வருட ஒப்பந்தம் கொடுக்கப்பட்டது. கொடுத்தது கிளப் நிர்வாகம். கொடுத்தே ஆகவேண்டும் என்று தொண்டை கிழியக் கத்தியது ரசிகர் கூட்டம். அந்தக் கத்தலில் எவ்வளவு சரக்கு இருந்தது என்று யாராவது கேட்டிருக்க வேண்டும். கேட்ட சிலரையும் துரோகி என்று முத்திரை குத்தி உட்கார வைத்துவிட்டார்கள்.

சந்தோஷப்பட்டதில் தப்பே இல்லை. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஜோஸே மொரீனியோ இருந்த கடைசி மாதங்களில் ஓல்டு டிராஃபோர்டு துக்க வீடு மாதிரி இருந்தது. 17 லீக் ஆட்டங்களில் 26 புள்ளிகள். முதலிடத்தில் இருந்த லிவர்பூலை விட 19 புள்ளிகள் பின்தங்கி ஆறாவது இடம். அந்த லிவர்பூலிடமே 3-1 என்று தோற்ற இரண்டாம் நாள் மொரீனியோ வெளியே. உள்ளே வந்தவரோ 1999 சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியில் பேயர்ன் மியூனிக்குக்கு எதிராகக் கடைசி நிமிடத்தில் கோல் அடித்துக் கோப்பையைக் கொண்டுவந்தவர். சிரித்த முகம். முதல் ஆட்டத்திலேயே கார்டிஃபை 5-1 என்று ஜெயித்தார்கள். லீக் ஆட்டம் ஒன்றில் யுனைடெட் ஐந்து கோல் அடித்தது, 2013 மே மாதம் அலெக்ஸ் ஃபெர்குசன் விடைபெற்ற ஆட்டத்துக்குப் பிறகு அதுதான் முதல் முறை. அப்புறம் வரிசையாக எட்டு வெற்றி. ஆடாத கால் எங்கே இருக்கும்?

பிரச்னை அதற்கு அடுத்த படியில்தான் ஆரம்பித்தது. "நன்றாக ஆடுகிறார்கள், சந்தோஷம்" என்பது வேறு. "இவரையே நிரந்தரமாக்கு, இன்றைக்கே கையெழுத்து வாங்கு" என்பது வேறு. முன்னது உணர்ச்சி. பின்னது தீர்ப்பு. தீர்ப்பு என்றால் சாட்சியைப் பார்க்க வேண்டும் இல்லையா?

பார்ப்போம். அந்த முதல் எட்டு ஆட்டங்களில் எதிரணிகள் யார்? கார்டிஃப், ஹடர்ஸ்ஃபீல்டு: இரண்டும் அந்த சீசன் முடிவில் தரமிறங்கிய அணிகள். ரெடிங்: இரண்டாம் நிலை லீக்கில் இருந்த அணி. இவற்றோடு போர்ன்மவுத், நியூகாசில், பிரைட்டன். பெரிய அணி என்றால் ஆர்சனலும் டாட்டன்ஹாமும் மட்டும்தான். அதிலும் ஜனவரி 13 அன்று வெம்ப்ளியில் டாட்டன்ஹாமை 1-0 என்று ஜெயித்ததை சோல்ஷாரின் மதியூகம் என்று கொண்டாடினார்கள். முதல் பாதித் திட்டம் நன்றாகவே இருந்தது, மறுக்க வேண்டாம். ஆனால் அந்த ஆட்டத்தில் கோல்கீப்பர் டேவிட் டி கெயா 11 ஷாட்டுகளைத் தடுத்தார். கோல்கீப்பர் 11 தடவை காப்பாற்ற வேண்டியிருந்த ஆட்டத்தில் ஜெயித்தது மேனேஜரின் மூளையா, கோல்கீப்பரின் கையும் காலுமா?

அடுத்தது பாரிஸ். மார்ச் 6. சொந்த மண்ணில் பி.எஸ்.ஜி.யிடம் 0-2 என்று தோற்றுவிட்டு, பாரிஸ் போய் 3-1 என்று ஜெயித்து அடுத்த சுற்றுக்குப் போனார்கள். பார்த்தவர்கள் வாழ்நாளில் மறக்க மாட்டார்கள். ஆனால் அந்த மூன்று கோல்களும் எப்படி விழுந்தன? முதலாவது, எதிரணித் தடுப்பாட்டக்காரர் தவறாகப் பின்னால் தள்ளிய பந்து. இரண்டாவது, கோல்கீப்பர் புஃபோன் கையிலிருந்து நழுவ விட்டது. மூன்றாவது, கூடுதல் நேரத்தில் வீடியோ பார்த்துக் கொடுத்த பெனால்டி. அதிர்ஷ்டம் கதவைத் தட்டும்போது திறந்து விடுவதும் ஒரு திறமைதான். அதை வைத்து மூன்று வருடக் குத்தகை எழுதலாமா? அன்று ராத்திரியே டி.வி.யில் முன்னாள் ஆட்டக்காரர் ரியோ ஃபெர்டினாண்ட், ஒப்பந்தத்தை மேஜையில் வையுங்கள், வேண்டிய தொகையை அவரே எழுதிக்கொள்ளட்டும் என்கிற ரீதியில் பேசினார். ரசிகர்கள் ஆமாம் சாமி போட்டார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பாரிஸுக்குப் பிறகு ஆடிய இரண்டு ஆட்டங்களிலும் யுனைடெட் தோற்றது. லீக்கில் ஆர்சனலிடம், எஃப்.ஏ. கோப்பையில் வுல்வ்ஸிடம். அந்த இரண்டு தோல்விக்கும் அப்புறம்தான் ஒப்பந்தமே கையெழுத்தானது! மோகம் கண்ணை மறைக்கும் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா?

தற்காலிக மேனேஜர்கள் ஆரம்பத்தில் ஜொலிப்பது ஒன்றும் மாயமந்திரம் இல்லை. மேனேஜரை எப்போது துரத்துகிறார்கள்? அணி அதன் உண்மையான தரத்தை விடக் கீழே கிடக்கும்போது. கிணற்றின் அடியில் கிடப்பவன் எந்தப் பக்கம் போனாலும் மேலேதான் போயாக வேண்டும். 1986 முதல் 2004 வரையிலான நெதர்லாந்து லீக் ஆட்டங்களை வைத்து பாஸ் டெர் வீல் என்ற பொருளியலாளர் இதை ஆராய்ந்தார். சரிவில் மேனேஜரை நீக்கிய அணிகளையும், அதே மாதிரிச் சரிவில் நீக்காமல் பொறுத்துக்கொண்ட அணிகளையும் ஒப்பிட்டார். இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் மீண்டு வந்திருந்தன.

இன்னொரு காரணம் ஆட்டக்காரர்கள். மொரீனியோவின் கடைசி ஆட்டத்தில் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார் போக்பா. சோல்ஷார் வந்ததும் ஹடர்ஸ்ஃபீல்டுக்கு எதிராக இரண்டு கோல், போர்ன்மவுத்துக்கு எதிராக இரண்டு கோல். ரசிகர்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி: "இத்தனை நாள் இந்த ஆட்டம் எங்கே போயிருந்தது?" கேட்கவில்லை. புது மேனேஜருக்குப் பாட்டுக் கட்டிப் பாடுவதில் மும்முரமாக இருந்தார்கள்.

"அப்படியானால் டி மாத்தேயோ? ஹான்சி ஃப்ளிக்?" என்று உடனே ஒரு குரல் வரும். வரட்டும். 2012இல் செல்சியின் தற்காலிக மேனேஜராக எஃப்.ஏ. கோப்பையையும் சாம்பியன்ஸ் லீக்கையும் ஜெயித்தார் டி மாத்தேயோ. ஜூனில் நிரந்தரமாக்கினார்கள். நவம்பர் 21இல் துரத்தினார்கள். ஃப்ளிக் கதை வேறு. 2019 நவம்பரில் பேயர்னில் தற்காலிகமாக அமர்ந்தார். 2020இல் மூன்று பெரிய கோப்பைகளையும் ஜெயித்தார். ஆனால் பேயர்ன் என்ன செய்தது? முதலில் கிறிஸ்துமஸ் வரை, பிறகு சீசன் முடிவு வரை, ஐந்து மாதம் பார்த்த பிறகே ஏப்ரலில் நீண்ட ஒப்பந்தம். நடுவில் இரண்டு லீக் தோல்விகளையும் பார்த்தார்கள். தோற்ற பிறகு மனிதன் என்ன செய்கிறான் என்று தெரிந்துகொண்டு கையெழுத்துப் போட்டார்கள்.

யுனைடெட்டுக்கு அந்த அவசரம் எதற்கு? சீசன் முடிவு வரை சோல்ஷார் எப்படியும் அங்கேதான் இருக்கப்போகிறார். இன்னும் எட்டு லீக் ஆட்டங்கள், பார்சிலோனாவோடு இரண்டு ஆட்டங்கள். பொறுத்திருந்து பார்த்திருந்தால் என்ன தெரிந்திருக்கும்? பத்து ஆட்டங்களில் இரண்டே வெற்றி, ஆறு தோல்வி. எவர்ட்டனிடம் 0-4. கடைசி நாளில், ஏற்கெனவே தரமிறங்கிவிட்ட கார்டிஃபிடம் சொந்த மைதானத்தில் 0-2. ஐந்து கோல் வாங்கிய அதே கார்டிஃப்! முடிவில் அதே ஆறாவது இடம்.

சோல்ஷார் மோசமான மேனேஜர் என்பதல்ல வாதம். அடுத்த சீசனில் மூன்றாவது, அதற்கடுத்து இரண்டாவது என்று அணியை ஏற்றியவர் அவர். 2021 ஐரோப்பா லீக் இறுதிப் போட்டியில் பெனால்டியில் 11-10 என்று நூலிழையில் கோப்பையைத் தவறவிட்டார். அதெல்லாம் உழைப்பு. ஆனால் அந்த உழைப்பை ரசிகர்கள் எந்த அளவுகோலால் அளந்தார்கள்? அந்த முதல் எட்டு வெற்றிகளின் போதையால். அதனால்தான் ஒவ்வொரு சறுக்கலும் அவர்களுக்குத் துரோகமாகப் பட்டது. 2021 அக்டோபர் 24 அன்று லிவர்பூலிடம் சொந்த மண்ணில் 0-5. அன்று யுனைடெட் ரசிகர்கள் கட்டிய பாட்டை லிவர்பூல் ரசிகர்கள் நக்கலாகத் திருப்பிப் பாடினார்கள். நவம்பர் 21 அன்று சோல்ஷார் வெளியே. தலையில் தூக்கி வைத்து ஆடிய கூட்டத்தில் எத்தனையோ பேர் அதற்கு வெகு முன்பே "போ, போ" என்று கோஷம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

நிர்வாகத்தைச் சும்மா விடவே கூடாது. மொரீனியோவையும் அவருடைய உதவியாளர்களையும் அனுப்பிவைக்க 1.96 கோடி பவுண்டு செலவழித்த நிர்வாகம் அது. ஆராய்ந்து ஆள் தேடுவது அவர்கள் வேலை, அதற்குத்தான் சம்பளம். ஆனால் ரசிகர்களின் பாட்டு அவர்களுக்கு வசதியான கேடயமாகிவிட்டது. "நீங்கள் கேட்டீர்கள், கொடுத்தோம்." டிக்கெட்டுக்குக் காசு கொடுப்பவன், முதலாளியின் சோம்பேறித்தனத்துக்கு ஜாமீன் கையெழுத்தும் போட்டுக் கொடுத்த கதை இது.

பாடம் கற்றார்களா? 2024இல் டென் ஹாக் போனதும் வான் நிஸ்டல்ரூய் நான்கு ஆட்டங்களுக்குத் தற்காலிகமாக அமர்ந்தார். மூன்று வெற்றி, ஒரு சமன். உடனே பழைய பல்லவி. அந்த மூன்று வெற்றிகளில் இரண்டு லெஸ்டருக்கு எதிரானவை என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதே லெஸ்டர் அந்த மாதமே அவரை மேனேஜராக்கியது. 2025 ஏப்ரலில் தரமிறங்கியது.

ஆகவே ரசிகப் பெருமக்களே, ஜெயித்தால் ஆடுங்கள், பாடுங்கள், பட்டாசு வெடியுங்கள். ஆனால் ஒப்பந்தம் என்ற பேச்சு வந்தால் மே மாதம் வரை வாயைக் கட்டுங்கள். பக்கத்து இருக்கைக்காரன் "கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போமே" என்றால் அவனைத் துரோகி என்று திட்டாதீர்கள். அவனும் உங்களைப் போலவே சீசன் டிக்கெட் வாங்கியவன்தான். அந்த மேனேஜர் மேல் உங்களுக்கு இருக்கும் அக்கறை அவனுக்கும் இருக்கிறது. ஒருவேளை உங்களைவிடக் கூடுதலாகவே.